செம்புக் கம்பி சுற்றிய சவரக்கத்தி

இளவேனிலைப் பற்றிச் சொல்வதென்றால், அவர் என்னைத் திட்டியதிலிருந்து தொடங்குவதுதான் முறை. கோயமுத்தூரில் கணபதிப் பகுதியில் பட்டறைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் ஒரு சந்து. அதில் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட். அதன் வாசலில் நின்றபடி, "ஏனுங்க, ஒரு கத்தியப் பாத்துச் சொல்றதுக்கு இத்தனை நேரமுங்களா?" என்று கேட்டேன். அந்த அம்மணி தலையைக்கூடத் தூக்கவில்லை. "அவசரம்னா மளிகைக் கடையில பிளேடு தொங்குதுங்க. வாங்கிட்டுப் போயிட்டே இருங்க" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எனக்கு ஏறுவதற்குப் பெரிய காரணமெல்லாம் வேண்டாம். சரவணம்பட்டியில் என் சலூனுக்கு வருகிற ஐ.டி. பையன்களைக் கேளுங்கள், சொல்வார்கள். தலையை ஆட்டாதே என்று ஒரு தரம்தான் சொல்வேன். மறுபடி ஆட்டினால் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விடுவேன். ஜெரோம் அண்ணன் கடையில் முடி வெட்டிக்கொள்ள ஹெல்மெட் போட்டுக்கொண்டு போக வேண்டும் என்று என் காது படவே பேசுவார்கள். அப்படிப்பட்ட நான் அன்றைக்கு வாயைப் பொத்திக்கொண்டு அந்த ஷெட்டுக்குள் போய், பழைய பஸ் சீட் ஒன்று கிடந்தது, அதில் உட்கார்ந்தேன். அந்தப் பொறுமையெல்லாம் என் அப்பாவின் முகத்துக்காக.

அப்பா பெயர் பிரான்சிஸ். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக் கிராமத்தில் தேங்காய் உரிக்கும் கூலிக்காரர் வீட்டில் பிறந்தவர். அந்த ஊர்ச் சலூனில் எங்கள் தெரு ஆட்களுக்கு நாற்காலி கிடையாது. சரி போங்கடா என்று அப்பா தானே கத்தியைப் பிடித்துத் தெரு முழுக்கச் சவரம் செய்தார். பிறகு கோயமுத்தூருக்கு வந்து சரவணம்பட்டியில் கடை போட்டார். அந்தக் கடையில் வந்தவர் எல்லாருக்கும் ஒரே நாற்காலிதான். அதில் ஊர்க் கவுண்டரும் உட்கார்ந்திருக்கிறார், அவர் தோட்டத்தில் பாத்தி கட்டியவரும் உட்கார்ந்திருக்கிறார்.

வால்பாறை எஸ்டேட் பங்களா ஒன்றின் பழைய சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது அப்பா ஒரு ஜெர்மன் சவரக்கத்தியை எடுத்து வந்தார். எருமைக் கொம்பில் கைப்பிடி போட்ட, மடக்குகிற கத்தி. ஒரு நாள் அது கீழே விழுந்து கைப்பிடியின் ஒரு பக்கம் விரிசல் விட்டது. பக்கத்து மோட்டார் வைண்டிங் கடையில் கொஞ்சம் செம்புக் கம்பி வாங்கி, விரிசல் மேல் நெருக்கமாகச் சுற்றிவிட்டார். பிளேடு மாட்டுகிற கத்திகள் வந்து, ஆளுக்கொரு புது பிளேடு என்று ஆன பிறகும், தன் முகத்துக்கு மட்டும் இதையேதான் வைத்துக்கொண்டார். காலையில் தோல்வாரில் அவர் கத்தியைத் தீட்டுகிற சத்தம் கேட்டுத்தான் எங்கள் வீட்டில் அடுப்பே பற்றும். தாடியோடு அப்பாவைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

அந்தக் கத்தியை அவர் என் கையில் ஒரு நாளும் கொடுத்ததில்லை. என் வேலையைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதும் இல்லை. நான் வெட்டி முடித்த தலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்ப்பார், "உம்" என்பார். அந்த "உம்" பாராட்டா வசவா என்று இந்த வயசு வரைக்கும் எனக்கு விளங்கவில்லை.

மறதி நோய் அவரை மெதுவாகத்தான் பிடித்தது. முதலில் சாவியை மறந்தார், பிறகு தெருவை மறந்தார், பிறகு என்னை. என்னை மறந்தது பரவாயில்லை என்று சொல்லமாட்டேன், பொக்கென்று போய்விட்டது. ஆனால் அதையும் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாமல் போனது அவர் தாடிதான். ட்ரிம்மர் சத்தம் கேட்டாலே கையால் அடித்துத் தள்ளினார். கத்தரிக்கோலைக் கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொண்டு போர்வைக்குள் போய்விடுவார். சோற்றுப் பருக்கை ஒட்டி, எச்சில் ஊறி, தாடிக்கு அடியில் தோல் புண்ணாகிவிட்டது. ராத்திரியும் பகலும் சொறிந்து சொறிந்து ரத்தம் வரும். ஊருக்கெல்லாம் முகம் வழித்துவிட்ட மனுஷனுக்கு இந்தக் கதி. என் மனைவி சகாயமேரி பஞ்சில் மருந்தை வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் தடவுவது என்று தெரியாமல் அழுவாள்.

டாக்டர் பார்த்துவிட்டு, முடியை எடுத்தால்தான் மருந்து தோலில் படும் என்றார். "அடுத்த தடவை வரும்போதும் இப்படியே இருந்தா ஊசி போட்டு, கையைக் கட்டிட்டு எடுத்துரலாம்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனாலும், என் அப்பாவின் கையைக் கட்டிவிட்டு எவனோ ஒருவன் அவருக்குச் சவரம் செய்வானா?

எங்கள் தொழிலில் ஒரு மரியாதை உண்டு. ஒரு சவரக்காரர் இன்னொரு சவரக்காரரின் நாற்காலியில் உட்கார்ந்தால், முதலில் கத்தியை அவர் கையில் கொடுக்க வேண்டும். அவர் நகத்தில் வைத்துப் பதம் பார்த்துத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் முகத்தில் கை வைக்கலாம். அப்பா இதில் ரொம்பக் கறார். எல்லாம் மறந்தாலும் இது மறந்திருக்காது என்று நினைத்து, என் கடைக் கத்தியை அவர் கையில் கொடுத்துப் பார்த்தேன். திருப்பிப் பார்த்தார், கட்டிலுக்கு அடியில் வீசி எறிந்தார். அப்போதுதான் அவருடைய சொந்தக் கத்தி நினைவுக்கு வந்தது.

அது இருந்த பெட்டியைத் திறந்தேன், தலையில் கை வைத்துக்கொண்டேன். கத்தி துருப்பிடித்துக் கிடந்தது. அதுவும் எங்கே? பொட்டு வைத்த இடத்தில்.

இது எங்கள் ஊரில் மட்டும்தான் நடக்கும். நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். ஆனாலும் ஆயுத பூஜை என்றால் கடையில் மாதா படத்துக்கு மாலையும் உண்டு, கத்தி கத்தரிக்குச் சந்தனப் பொட்டும் உண்டு. கோயமுத்தூரில் ஸ்பேனர் பிடிக்கிற கைக்கு அன்றைக்கு மதமெல்லாம் கிடையாது. பூஜையில் வைத்ததை அன்று தொடக்கூடாது. மறுநாள் காலையில் அப்பாவே பொட்டைத் துடைத்து, தேங்காயெண்ணெய் பூசிப் பெட்டியில் வைப்பார். அவருக்கு நினைவு போன பிறகு பொட்டு வைக்க எங்கள் வீட்டில் ஆள் இருந்தது, துடைக்க ஆள் இல்லை. பொட்டை அழிப்பதாவது என்று சகாயமேரிக்கு ஒரு பயம். எனக்கும் அதே பயம்தான், பொய் சொல்வானேன். அப்படியே பெட்டியில் வைத்து மூடிவிட்டோம். சந்தனம் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு இரும்பைத் தின்றிருக்கிறது. பக்தியோடு கெடுத்திருக்கிறோம்.

டவுன் ஹால் பக்கம் எனக்குக் கத்தரிக்கோல் விற்கிற கரீம் பாயிடம் காட்டினேன். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதக் குப்பையில போடணும், இல்லீன்னா கணபதியில இளவேனில்கிட்டக் குடுக்கணும்" என்றார். அப்படித்தான் அந்த ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

சுடிதாருக்கு மேல் ஆம்பிளைக் காக்கிச் சட்டை, நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்ட கண்ணாடி, விரலிடுக்கில் கருப்பு எண்ணெய். நாற்பது வயதிருக்கலாம். கையிலிருந்த வேலையை முடித்துக் கீழே வைத்த பிறகுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார். கத்தியை வாங்கினார். திட்டியது அவர் இல்லை என்பதுபோல அவ்வளவு மெதுவாகப் பிரித்தார். காதுக்குப் பக்கத்தில் வைத்து நகத்தால் ஒரு தட்டு. கிண்ணென்று கேட்டது. இன்னும் கொஞ்சம் தள்ளி ஒரு தட்டு. விரிசல் விட்ட கத்தி தட்டினால் பொத்தென்று கேட்குமாம்.

"உசுரு இருக்குதுங்க" என்றார். எனக்குப் போன உயிர் வந்தது. "முனைக்குப் பக்கம் ஒரு எடத்துல அரிச்சிருக்குது. அதத் தாண்டுற வரைக்கும் கல்லுல எறக்கோணும். மத்த எடத்துல கறுப்பு அப்படியே இருக்கட்டுங்க. கறுப்பெல்லாம் போகணும்னு தேச்சா ஒடம்பே எளச்சுப்போகும்."

"புதுசாட்டம் பளபளன்னு வேணுமுங்க" என்றேன்.

"பளபளப்புக்குப் பாத்திரக் கடைக்குப் போங்க. யாரு புடிக்கற கத்தி இது?"

"நாந்தாங்க."

"கையக் கொண்டாங்க."

ஜோசியம் பார்ப்பாரோ என்று நினைத்தேன். சூடு காட்டி இளக்கிய மெழுகு உருண்டை ஒன்றை என் உள்ளங்கையில் வைத்து, கத்தி பிடிப்பதுபோலப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். என் விரல்கள் பதிந்த அந்த மெழுகை அலமாரியில் வைத்தார். அங்கே இன்னும் எத்தனையோ பேருடைய பிடிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. தையற்காரர் ஒருவருடையது, கசாப்புக் கடைக்காரர் ஒருவருடையது, ஆபரேஷன் டாக்டர் ஒருவருடையதுகூட. கருவியை எவன் வேண்டுமானாலும் பார்க்கலாம், பிடிக்கிற கையைப் பார்க்காமல் வேலையில் இறங்கமாட்டேன் என்பது அந்த அம்மணியின் சட்டம்.

பஸ் சீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்தே அவர் கதையும் எனக்குத் தெரிந்துபோனது. சொந்த ஊர் கொடுமுடிப் பக்கம். அம்மாவும் அப்பாவும் மஞ்சள் வெட்டப் போன கூலிகள். இவர் ஐ.டி.ஐ. படித்துவிட்டு கோயமுத்தூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். பெண் என்பதால் பார்சல் ஒட்டுகிற மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஆண்கள் எல்லாம் கேன்டீனுக்குப் போன பிறகு, இவர் சாணை பிடிக்கிற மிஷினிடம் போய் நிற்பாராம். தேய்ந்த டிரில் பிட்டுகளை எடுத்து யாருக்கும் தெரியாமல் தீட்டி வைத்துவிடுவார். சாயங்காலம் அந்த பிட்டுகளைத்தான் ஆட்கள் தேடித் தேடி எடுத்தார்கள். யார் தீட்டியது என்று சூப்பர்வைசர் கண்டுபிடித்தபோது திட்டப்போகிறார் என்று நினைத்து இவரே முதலில் அவரைத் திட்டிவிட்டாராம். இந்த இடத்தில் எனக்கு அந்த அம்மணியை ரொம்பப் பிடித்துப்போனது.

இப்போது சொந்த ஷெட். கணவர் டவுன் பஸ் ஓட்டுகிறார், மகள் யுவஸ்ரீ பள்ளிக்கூடம் விட்டு வந்து இங்கேயேதான் வீட்டுப்பாடம் எழுதும். பட்டறைகளுக்குக் கட்டர் தீட்டுவதுதான் சோறு போடுகிற வேலை. சவரக்கத்தி எல்லாம் ஆசைக்கு. அவருடைய மிஷினுக்கு நேர் மேலே சுவரில் ஒரு சவரக்கத்தி தொங்கியது. அதன் அலகில் மயில் கழுத்து மாதிரி நீலம் ஏறியிருந்தது.

"அது நான் கொன்ன கத்திங்க" என்றார். "முதமுதல்ல வந்தது. மிஷின்ல வெச்சேன். ஒரு நொடிதான், சூடேறி நீலம் பூத்துப்போச்சு. நீலம் பூத்தா அந்த இரும்புல பதம் நிக்காது. கொண்டாந்தவரு கோவப்படாம எனக்கே குடுத்துப்போட்டாரு. நிமுந்து பாத்தா அது தெரியோணும்னு அங்க மாட்டி வெச்சேன்."

அதற்குப் பிறகு எந்தச் சவரக்கத்தியும் அவர் கையில் மிஷினைப் பார்த்ததில்லை. அப்பாவின் கத்தியை எண்ணெயில் ஊற வைத்து, நைஸ் உப்புத்தாள் சுற்றிய கட்டையால் ஒரே திசையில் தேய்த்தார். அலகின் பின்னால் கட்டைவிரல் எப்போதும் ஒட்டியிருக்கும். விரலுக்குக் கொஞ்சம் சூடாகப் பட்டாலே போதும், நிறுத்திவிட்டுத் தண்ணீரில் நனைப்பார். பிறகு கல். தண்ணீர் விட்டு, பாரமே கொடுக்காமல், கல்லின் மேல் கத்தி தானாகப் போவதுபோல ஓட்டுவார். அரித்த இடம் கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகும் லென்ஸ் வைத்துப் பார்த்து, இன்னும் இருக்குது என்று மறுபடி உட்காருவார். நானும் கத்தி தீட்டத் தெரிந்தவன்தான். இந்தப் பொறுமை எனக்குச் சத்தியமாக வராது.

விரிசல் விட்ட கைப்பிடியைப் பார்த்து, "இத மாத்திரலாமுங்களா?" என்று கேட்டார். செம்புக் கம்பி பச்சை பூத்து அங்கங்கே அறுந்திருந்தது. "மொதல்ல அதத் தூக்கிக் கடாசுங்க" என்றேன். கடையில் நான் வைத்திருந்த ஈட்டி மரத் துண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் பிடியின் மெழுகைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, என் விரல்களுக்கு ஏற்றபடி அவர் கைப்பிடி செதுக்கினார். வேலை முடிந்த அன்று கத்தியைப் பிடித்துப் பார்த்தேன். என் கையோடு பிறந்ததுபோல உட்கார்ந்தது. அலகில் சின்னச் சின்னக் கறுப்பு இருந்ததைக்கூட மன்னித்துவிட்டேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முறைப்படி கத்தியை அவர் கையில் கொடுத்தேன். பிரித்தார். விரல்கள் கைப்பிடி மேல் முன்னும் பின்னும் போய் வந்தன, எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவதுபோல. பிறகு முகம் சுருங்கியது. "இது யாருதோ. என்னுது இல்லை" என்று படுக்கையில் போட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தாடையைச் சொறிய ஆரம்பித்தார்.

நான் நேராகக் கணபதிக்குப் போய் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தேன். நாளைக்கு மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், என் அப்பாவின் கையைக் கட்டப்போகிறார்கள், இத்தனை நாள் இழுத்தடித்து என்ன கிழித்தீர்கள் என்றெல்லாம் கேட்டேன். அந்த அம்மணி ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

நான் மூச்சு வாங்கும்போது, "ஏனுங்க, கத்தி அவரு கைக்குப் போகுமுங்களா?" என்று கேட்டார்.

அப்போதுதான் எங்கள் தொழிலில் உள்ள மரியாதையைச் சொன்னேன். முதலில் உட்காருகிறவர் கைக்குப் போய், அப்புறம்தான் சவரம் செய்கிறவர் கைக்கு வரும் என்று. எனக்கு அது மூச்சு விடுவதுபோலப் பழக்கம், சொல்ல வேண்டும் என்றே தோன்றியிருக்கவில்லை. சவரம் செய்யப்போகிறவன் நான், அதனால் பிடிக்கிற கை என்னுடையது என்று சொல்லிவிட்டேன்.

"அப்ப நான் பாத்தது தப்பான கைங்க" என்றார் இளவேனில். காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "நடங்க, ஊட்டுக்குப் போலாம். நானும் வாரேன்."

ஸ்கூட்டரில் என் பின்னாலேயே வந்தார். அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். மத்தியானம் முழுக்கப் பேசவில்லை, போன் எடுக்கவில்லை, சகாயமேரி கொடுத்த காபி ஆறிப்போனது. கல்லைப் பார்ப்பதுபோல அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. போர்வையின் ஓரத்தை இடது கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, வலது கையை அதன் மேல் முன்னும் பின்னும் ஓட்டுவார், ஒவ்வொரு ஓட்டத்தின் கடைசியிலும் மணிக்கட்டைத் திருப்புவார். அதை நாங்கள் நோயின் சேட்டை என்று நினைத்துக் கையை எடுத்து எடுத்து விட்டுக்கொண்டிருந்தோம்.

"வாரு போடுறாருங்க" என்றார் இளவேனில்.

கத்தி பிடித்துப் பிழைக்கிற நான் இத்தனை மாதம் அதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அப்பா தினமும் தோல்வாரில் கத்தி தீட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

"மோதர வெரலப் பாருங்க" என்றார். மற்ற விரல்கள் எல்லாம் மடங்கி நிற்க, அந்த ஒரு விரல் மட்டும் போர்வையின் தையலை நிரடிக்கொண்டே இருந்தது. "அந்த வெரலுக்கு அங்க ஏதோ சொரசொரன்னு படோணும். அது கெடைக்காமத் தேடுதுங்க."

கம்பி. நான் தூக்கிக் கடாசச் சொன்ன செம்புக் கம்பி. நான் தலையில் அடித்துக்கொண்டேன். "நீங்க கடாசச் சொன்னீங்க, நான் கடாசலைங்க. கம்பிதான் பொடிப்பொடியாப் போச்சு, கொம்பு இருக்குது" என்றார். என்னை மன்னித்த தொனியில் இல்லை, தகவல் சொல்கிற தொனியில்.

அன்று சாயங்காலமே வேலையில் இறங்கினார். ஈட்டி மரக் கைப்பிடியைக் கழற்றி, பழைய கொம்புக் கைப்பிடியைத் திரும்பப் பூட்டினார். அதைப் பூட்டும்போது, அதன் அழுக்கைக்கூடத் துடைக்க விடவில்லை. விரிசலின் மேல் பழைய கம்பி பதிந்த தடம் மெலிசாக இருந்தது. பக்கத்து வைண்டிங் கடையில் கம்பி கேட்டு, தடத்தில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, சரியாகப் பதிகிற கனத்தைக் கண்டுபிடித்துச் சுற்றினார்.

முடிந்தது என்று நான் கை நீட்டினேன். "எங்க முடிஞ்சுது? புதுக் கம்பி உருண்டையா இருக்கும். அவரு வெரல் இத்தனை வருசம் தேச்ச கம்பி தட்டையாயிருக்கும்" என்றார். சாம்பலும் எண்ணெயும் தொட்டு, துணி சுற்றிய தன் மோதிர விரலால் அந்த ஒரு விரற்கடை இடத்தைத் தேய்க்க ஆரம்பித்தார். மறுநாள் பகல் முழுவதும் அதே வேலை. நடுநடுவில் கண்ணை மூடித் தடவிப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், மறுபடி தேய்ப்பார். பட்டறைக்காரர்கள் கட்டர் கேட்டு வந்து நின்று திரும்பிப் போனார்கள். அவர்களையும் திட்டித்தான் அனுப்பினார். கடைசியில் அவர் விரல்தோல் சிவந்து கொப்புளம் கட்டியிருந்தது. எனக்கு அந்தக் கையைப் பிடித்துக் கும்பிடலாம் போலிருந்தது, திட்டுவார் என்று விட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அன்று விடிகாலையில் இளவேனிலும் வந்துவிட்டார். "வேலை சரியான்னு நான் பாக்கோணுமுங்க" என்று வாசற்படிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்தேன். தோளில் துண்டைப் போட்டேன். இதுவும் ஆகாவிட்டால் அடுத்தது கையைக் கட்டுகிற கயிறுதான். கத்தியை மடக்கியபடி, கைப்பிடி முன்னால் வரும்படி நீட்டினேன்.

அப்பா வாங்கினார். பிரித்தார். விரல்கள் கைப்பிடி மேல் போயின. மோதிர விரல் கம்பி மேல் ஏறியது, நின்றது. கொஞ்ச நேரம் அசையவே இல்லை. பிறகு கத்தியைத் தூக்கி, இடது கட்டைவிரல் நகத்தில் அலகை மெல்ல இழுத்துப் பார்த்தார். கை துளி நடுங்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். எனக்கு உடனே புரிந்தது. தோல்வாரை எடுத்து ஒரு முனையைச் சன்னல் கம்பியில் மாட்டி, மறுமுனையை அவர் கையில் கொடுத்தேன். சளப், சளப் என்று அந்தச் சத்தம் வீட்டுக்குள் கேட்டது. சமையலறையிலிருந்து சகாயமேரி கரண்டியோடு ஓடி வந்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

போதும் என்று தோன்றியதும் அப்பா நிறுத்தினார். கத்தியை மடக்கி, கைப்பிடி என் பக்கம் வரும்படி நீட்டினார். என் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கத்தியை என் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, தாடையைத் தூக்கிக் காட்டிக் கண்ணை மூடிக்கொண்டார்.

முதலில் கத்தரிக்கோலால் தாடியைக் குறைத்தேன். அடிக்கவில்லை, பல்லைக் கடிக்கவில்லை. வெந்நீர்த் துணி போட்டு, சோப்பு நுரைத்துத் தடவினேன். பிறகு கத்தி. இளவேனில் இறக்கிய பதம் தோலில் படுவதே தெரியாமல் போனது. புண் இருந்த இடத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு இழுத்தேன், ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. நுரைக்கு அடியிலிருந்து என் அப்பாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. மெலிந்துபோயிருந்தது, ஆனால் அவர்தான். எனக்குக் கண்ணை மறைத்தது. துடைத்துக்கொள்ளக் கை இல்லை.

இளவேனில் வந்து கத்தியை என்னிடமிருந்து வாங்கி, ஈரம் போகத் துடைத்து, தேங்காயெண்ணெய் பூசினார். நான் துண்டை எடுத்து உதறினேன். அப்பா உள்ளங்கையால் கன்னத்தைக் கீழிருந்து மேலாகத் தடவிப் பார்த்தார். எதிர்த் திசையில் தடவினால்தான் வேலை தெரியும். இரண்டு கன்னமும் தடவினார், தாடைக்கு அடியிலும் தடவினார். அந்த "உம்" வரும் என்று காத்துக்கொண்டு நின்றேன்.

"நல்ல கைங்க உங்களுக்கு" என்றார். "எந்தூருங்க தம்பி?"

"சரவணம்பட்டிங்க."

"அட, நம்ம பக்கந்தான். எம் பையனும் அங்கதானுங்க கடை வெச்சிருக்கறான். ஜெரோம்னு பேரு." கண்ணாடியில் தன் முகத்தை இன்னொரு தரம் பார்த்தார். "அவனுக்கும் இதே கைதானுங்க."

நான் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா என் சட்டையைப் பிடித்துக் கிட்டே இழுத்து, யாருக்கும் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"அவங்கிட்டச் சொல்லிப்போடாதீங்க. ஏற்கெனவே மூக்கு மேல கோவம் அவனுக்கு. கர்வமும் தலைக்கேறிப்போயிரும்."

"சொல்லமாட்டனுங்க" என்றேன்.